ஒரே நாள், இரண்டு எமர்ஜென்சி வாசல்கள்

1/
2003 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. கனடாவில் இரண்டு மருத்துவமனைகளின் எமர்ஜென்சிக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் டொராண்டோவில், இன்னொருவர் வான்கூவரில். இருவருக்கும் மூச்சு சம்பந்தப்பட்ட தொந்தரவு. இருவர் உடம்பிலும் இருந்தது ஒரே கிருமி. அது இருவருக்கும் வந்து சேர்ந்த வழியும் ஒன்றுதான்: ஹாங்காங்கில் இருந்த ஒரு ஹோட்டல்.

வான்கூவர் வாசலில் அந்தக் கிருமி நின்றுவிட்டது. டொராண்டோ வாசலில் தொடங்கிய சங்கிலியில் 128 பேர் மாட்டினார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிற எந்த மருத்துவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வரலாறு இது. கேஷுவாலிட்டிக்கு என்றாவது ஒருநாள் போகப்போகிற எல்லோரும், அதாவது நாம் எல்லோருமே, தெரிந்துகொள்ள வேண்டியது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

2/
முதலில் ஹோட்டல் கதை. 2003 பிப்ரவரி 21 அன்று சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து ஒரு மருத்துவர் ஹாங்காங் வருகிறார். மெட்ரோபோல் ஹோட்டலில் 9வது மாடியில் தங்குகிறார். அவர் ஊரில் சில மாதங்களாகவே ஒரு வினோதமான நிமோனியா பரவிக்கொண்டிருந்தது. அந்த நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர், அதைத் தன் உடம்பிலேயே சுமந்து வந்திருந்தார்.

அவர் அங்கே தங்கியது ஒரு நாள்தான். அதற்குள் அந்த ஹோட்டலில் தங்கியிருந்த பலருக்குத் தொற்று போனது. அவர்கள் விமானம் ஏறி வியட்நாம், சிங்கப்பூர், கனடா என்று பிரிந்து போனார்கள். பிறகு நாம் 'சார்ஸ்' என்று அழைத்த நோய் உலகம் சுற்றியது இப்படித்தான்.

3/
டொராண்டோவைச் சேர்ந்த வயதான ஒரு பெண்மணி அந்த ஹோட்டலில் தங்கிவிட்டு ஊர் திரும்பினார். காய்ச்சல் வந்தது. மார்ச் 5 அன்று வீட்டிலேயே இறந்துபோனார். அவரைப் பார்த்துக்கொண்ட மகனுக்கும் காய்ச்சல், இருமல். அவர்தான் மார்ச் 7 அன்று ஸ்கார்பரோ கிரேஸ் மருத்துவமனைக்கு வந்தவர்.

ஸ்கார்பரோ! கனடாத் தமிழர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். ஈழத்திலிருந்து போன நம் மக்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கிற பகுதி.

4/
இப்போது கவனியுங்கள். அந்த நோயாளி வந்ததும் அவரை அட்மிட் செய்ய முடிவாகிவிட்டது. ஆனால் மேலே வார்டில் படுக்கை இல்லை. அதனால் எமர்ஜென்சியிலேயே, திரைச்சீலை மட்டும் தடுப்பாக இருந்த கண்காணிப்புப் பகுதியில், 16 மணி நேரத்துக்கும் மேல் படுத்திருந்தார். மூச்சு விட சிரமப்பட்டதால் நெபுலைசர் வைத்தார்கள்.

பக்கத்துப் படுக்கையில், சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்தில், இதயத்துடிப்புக் கோளாறுக்காக வந்த ஒருவர். இன்னும் சற்றுத் தள்ளி, மூன்று படுக்கைகளுக்கு அப்பால், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்ததால் வந்த இன்னொருவர். இவர்கள் இருவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரே இரவு ஒரே இடத்தில் படுத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

5/
அந்த இருவரும் அந்த எமர்ஜென்சியை விட்டுப் போய், சில நாட்களில் காய்ச்சலோடு அதே மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார்கள். இருவரும் பிழைக்கவில்லை. அவர்களைக் கவனித்த ஊழியர்கள் பலருக்குத் தொற்று. கூட வந்த மனைவி காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து, அங்கே வேறு வேலையாக வந்திருந்த இன்னொரு குடும்பத்துக்கும் போனது.

அந்த 128 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மருத்துவமனை ஊழியர்கள். மற்றவர்கள் நோயாளிகள், பார்க்க வந்தவர்கள், அவர்கள் வீட்டில் இருந்தவர்கள்.

6/
"டாக்டர்கள் கவனக்குறைவா இருந்துட்டாங்க" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய எச்சரிக்கை விட்டதே மார்ச் 12ல்தான். 'சார்ஸ்' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது மார்ச் 15ல். மார்ச் 7 அன்று அந்த நோய்க்குப் பெயரே இல்லை. டொராண்டோ மருத்துவர்கள் காசநோயாக இருக்குமோ என்று சந்தேகித்தார்கள். காய்ச்சல், இருமல், வீட்டில் ஒருவர் சமீபத்தில் இறந்திருக்கிறார் என்றால் அது நியாயமான சந்தேகம்தான்.

அப்படியென்றால் வான்கூவர் மட்டும் எப்படித் தப்பித்தது? அங்கேயும் அதே தேதிதானே?

7/
வான்கூவர் பொது மருத்துவமனைக்கு வந்தவர் அதே மெட்ரோபோல் ஹோட்டலில் தங்கிவிட்டு வந்தவர். வந்த 15 நிமிடங்களுக்குள் அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து, தனி அறையில் வைத்து, மாஸ்க் முதலான முழுப் பாதுகாப்போடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சில மணி நேரத்தில் 'நெகட்டிவ் பிரஷர்' அறைக்கு மாற்றினார்கள். அந்த அறையின் கதவைத் திறந்தால் வெளியே இருக்கும் காற்று உள்ளே போகுமே தவிர, உள்ளே இருக்கும் காற்று வராந்தாவுக்கு வராது.

அங்கேயும் யாருக்கும் நோயின் பெயர் தெரியாது. ஆனால் இரண்டு விஷயங்கள் இருந்தன.

8/
ஒன்று, செய்தி. சீனாவில் ஏதோ ஒரு நுரையீரல் நோய் பரவுகிறது, அங்கிருந்து காய்ச்சலோடு வருபவர்களைக் கவனியுங்கள் என்று அந்த மாகாணத்தின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிப்ரவரியிலேயே மருத்துவமனைகளுக்கு எழுதியிருந்தது. அந்தச் செய்தி எமர்ஜென்சி வாசலில் நிற்கும் செவிலியர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டு, பழக்கம். என்னவென்று தெரியாத கடும் நுரையீரல் தொற்று என்றால் அங்கே உச்சபட்ச பாதுகாப்போடு தொடங்குவார்கள். ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள். நாம் பெரும்பாலும் செய்வது நேர் எதிர்: ஒன்றுமில்லாமல் தொடங்குவோம், ரிசல்ட் வந்த பிறகு மாஸ்க் தேடுவோம்.

9/
இந்த இரண்டு வாசல்களின் கதையை விரிவாக ஆராய்ந்தது, ஒன்டாரியோ மாகாணம் நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் தலைமையில் அமைத்த விசாரணை ஆணையம். அவர் வந்து சேர்ந்த முடிவின் சாரம் இது: ஆபத்து இருக்கிறது என்று அறிவியல் முழுசாக நிரூபிக்கும் வரை பாதுகாப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் நியாயமாக இருந்தாலே போதும், நடவடிக்கை எடு.

கனடாவில் சார்ஸ் பறித்த உயிர்கள் 44. அதில் இரண்டு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் அடக்கம். உலகம் முழுக்க நோய் வந்தவர்கள் 8,096 பேர், இறந்தவர்கள் 774 பேர். நோய் வந்தவர்களில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள். ஐந்தில் ஒருவர்!

10/
இங்கே கொஞ்சம் பின்னால் போவோம். எமர்ஜென்சியில் நோயாளிகளைத் தரம் பிரிப்பதற்கு 'ட்ரையாஜ்' என்று பெயர். பிரெஞ்சுச் சொல். பிரிப்பது, தரம் பார்ப்பது என்று பொருள். நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே இதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர். போர்க்களத்தில் காயம்பட்டவர் தளபதியா, சிப்பாயா என்று பார்க்காதே. யாருக்குக் காயம் மோசமோ அவருக்கு முதலில் வைத்தியம் என்பது அவர் கொள்கை.

இருநூறு வருஷமாக எமர்ஜென்சிகள் இந்த ஒரே கேள்வியில்தான் ஓடின: "யார் முதலில் இறந்துபோவார்?"

சார்ஸ் வந்து இரண்டாவது கேள்வி ஒன்றைச் சேர்த்தது: "யாரிடமிருந்து மற்றவர்களுக்குப் போகும்?"

11/
இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எப்போதும் ஒரே ஆளாக இருக்காது. சிக்கலே அங்கேதான்.

நெஞ்சுவலியோடு வந்தவர் முதல் கேள்வியில் முன்னால் வருவார். காய்ச்சல், இருமலோடு நடந்து வந்து நாற்காலியில் உட்காருகிறவர் முதல் கேள்வியில் கடைசி. "உங்களுக்குப் பெருசா ஒன்னும் இல்ல, உட்காருங்க, கூப்பிடுறோம்" என்போம். ஆனால் இரண்டாவது கேள்வியில் அவர்தான் முதல் ஆள். அவரை மூன்று மணி நேரம் காத்திருப்பு அறையில் உட்கார வைப்பதுதான் கிருமிக்கு நாம் செய்து கொடுக்கிற வசதி.

12/
சிங்கப்பூர் இந்த இரண்டாவது கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொன்னது. 2003 மார்ச் 22 அன்று டான் டோக் செங் மருத்துவமனையை முழுக்க சார்ஸுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். விபத்து, நெஞ்சுவலி, பிரசவம் எல்லாம் வேறு மருத்துவமனைகளுக்கு. அங்கே எமர்ஜென்சிக்கு வெளியே கூடாரம் போட்டு, கட்டடத்துக்குள் நுழையும் முன்பே தரம் பிரித்தார்கள். ஊழியர்கள் தினமும் தங்கள் காய்ச்சலை அளந்து பதிவு செய்ய வேண்டும்.

238 பேருக்கு நோய், 33 பேர் மரணம் என்ற அளவில் அங்கே சார்ஸ் அடங்கியது. 2020ல் நம் ஊரில் 'கோவிட் மருத்துவமனை', 'நான்-கோவிட் மருத்துவமனை' என்று பிரித்தோமே, அந்த யோசனைக்கு இப்படி ஒரு முன்கதை உண்டு.

13/
சரி, டொராண்டோவாவது பாடம் கற்றுக்கொண்டதா? கற்றது. ஆனால் சீக்கிரம் மறந்தது.

மே மாதம் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். மே 17 அன்று மாகாணம் அவசரநிலையை விலக்கியது. பாதுகாப்பு விதிகள் தளர்ந்தன. நார்த் யார்க் பொது மருத்துவமனையில் செவிலியர்கள் சிலர், நிமோனியா நோயாளிகள் கொத்துக்கொத்தாக வருவதைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள், சொல்லவும் செய்தார்கள். சார்ஸ்தான் முடிந்துவிட்டதே என்ற நினைப்பில் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டாவது அலை வெளியே தெரிந்தது.

நோயாளியின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவர் செவிலியர்தான். "ஏதோ சரியில்ல சார்" என்று அவர் சொன்னால், அதுவும் ஒரு பரிசோதனை முடிவு மாதிரிதான். கேம்ப்பெல் ஆணையம் இதையும் பதிவு செய்தது.

14/
12 வருஷம் கழித்து, 2015 மே. இடம் தென்கொரியா. நோய் மெர்ஸ், சார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கொரோனா வைரஸ். மத்தியக் கிழக்கு நாடுகளில் பயணம் செய்து திரும்பிய ஒருவருக்கு மே 20 அன்று நோய் உறுதியானது. அவர் இருந்த ஒரு மருத்துவமனையில், அவருக்கு அருகிலேயே சிகிச்சை பெற்ற இன்னொருவருக்குத் தொற்று போயிருந்தது. கொரியாவின் பதிவேட்டில் அவர் '14ஆம் நோயாளி'.

அவருக்கோ, அவரை அடுத்துப் பார்க்கப்போகிற மருத்துவர்களுக்கோ அது தெரியாது. எந்தெந்த மருத்துவமனைகளில் மெர்ஸ் வந்திருக்கிறது என்ற பட்டியலை அரசு ஜூன் 7 வரை வெளியே சொல்லவில்லை.

15/
14ஆம் நோயாளி மே 27 அன்று சியோலில் இருக்கும் சாம்சங் மருத்துவ மையத்தின் எமர்ஜென்சிக்கு வந்தார். கொரியாவின் மிகப்பெரிய, மிக நவீனமான மருத்துவமனைகளில் ஒன்று. ஆனால் எமர்ஜென்சி நிரம்பி வழிந்தது. நிமோனியா என்று சிகிச்சை தொடங்கினார்கள். மே 29 இரவு அவரைத் தனிமைப்படுத்தும் வரை அந்த எமர்ஜென்சியிலேயே இருந்தார்.

அந்த மூன்று நாட்களில் அந்த ஒருவரிடமிருந்து 82 பேருக்குத் தொற்று.

16/
இந்த 82ஐப் பிரித்துப் பார்த்தால்தான் நமக்கு உறைக்கும். நோயாளிகள் 33 பேர். மருத்துவ ஊழியர்கள் 8 பேர். மீதி 41 பேர்?

பார்க்க வந்தவர்கள், துணைக்கு இருந்தவர்கள்! சரிபாதி.

கொரியாவில் நோயாளியின் குடும்பம் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது வழக்கம். சொந்தபந்தம் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போவது மரியாதை. படிக்கும்போது நம் ஊர் ஜிஎச் வராந்தா ஞாபகம் வருதா? எனக்கும்தான். ஒரு நோயாளிக்கு அட்டெண்டர் நாலு பேர், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் எட்டுப் பேர்.

17/
இன்னொரு கணக்கும் முக்கியம். 14ஆம் நோயாளி இருந்த அதே பகுதியில் இருந்த நோயாளிகளில் சுமார் 20 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. அதே எமர்ஜென்சியில் வேறு பகுதியில் இருந்தவர்களில் சுமார் 1 சதவீதம்தான். அதே மருத்துவமனை, அதே நாட்கள், அதே ஊழியர்கள். இருபது மடங்கு வித்தியாசத்துக்குக் காரணம் இடம்.

கொரியாவில் மொத்தம் 186 பேருக்கு மெர்ஸ் வந்தது, 38 பேர் இறந்தார்கள். 16,000க்கும் மேற்பட்டவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள்.

18/
டொராண்டோவையும் சியோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மருத்துவர்கள் திறமையானவர்கள். இரண்டிலும் நோயாளி சரியான நேரத்தில் வந்தார், நிமோனியாவும் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டிலும் இல்லாமல் போனது அதே இரண்டு பொருட்கள்.

செய்தி வரவில்லை. படுக்கை கிடைக்கவில்லை.

எமர்ஜென்சியில் கூட்டம் என்றால் வாசலில் ஆள் அதிகம் வருகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல நேரம் உண்மைக் காரணம் மறுமுனையில் இருக்கிறது. அட்மிஷன் போட்ட நோயாளி மேலே போக வார்டில் இடமில்லை. அதனால் அவர் கீழேயே தேங்குகிறார். குழாயின் கீழ்முனை அடைத்தால் தண்ணீர் மேலே தேங்குவது போல. தொற்றுநோய்க் காலத்தில் அந்தத் தேக்கமே கிருமியின் விளைநிலம்.

19/
கொரியா இதிலிருந்து எழுந்த விதத்தைப் பாராட்ட வேண்டும். எமர்ஜென்சிகளில் நெகட்டிவ் பிரஷர் தனியறைகள், வாசலிலேயே காய்ச்சல் நோயாளிகளைப் பிரிக்கும் முறை, பார்வையாளர்களுக்குக் கட்டுப்பாடு, புது நோய் வந்தால் பரிசோதனைக் கருவிகளுக்கு அவசர அனுமதி தரும் சட்டம் என்று வரிசையாகச் செய்தார்கள். 2020ல் கோவிட் வந்தபோது எமர்ஜென்சிக்கு வெளியே தனிப் பரிசோதனை மையங்கள், காரில் உட்கார்ந்தபடியே டெஸ்ட் என்று உலகம் வியந்து பார்த்ததற்குப் பின்னால் இருந்தது 2015ன் வலி.

20/
நெபுலைசர் பற்றி ஒரு வார்த்தை. மருந்தை நுண்துளிகளாக்கி உள்ளே அனுப்பும் கருவி அது. நோயாளி வெளியே விடும் மூச்சும் அந்தப் புகையோடு சேர்ந்து அறையில் கலக்கும். ஹாங்காங் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் ஒரே வார்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் பரவியதில், அங்கே பயன்படுத்திய நெபுலைசருக்கும் பங்கு இருக்கலாம் என்று அப்போதே சந்தேகித்தார்கள்.

2020ல் ஆஸ்துமா நோயாளிகள் பலர், "ஏன் டாக்டர் எனக்கு நெபுலைசர் வைக்க மாட்டேங்கிறீங்க? இன்ஹேலரையே ஸ்பேசர் வெச்சு அடிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார்கள். காரணம் இதுதான். ஸ்பேசரோடு சரியாக எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அதே பலன் கிடைக்கும், பக்கத்துப் படுக்கைக்கும் பாதுகாப்பு.

21/
இந்த ஏற்பாடுகளுக்கு ஒரு விலையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதிதான். ஆஸ்பத்திரிக்குப் போனாலே தொற்று வந்துவிடும் என்ற பயத்தில் மக்கள் நெஞ்சுவலியோடு வீட்டிலேயே இருந்தார்கள். 2020 ஏப்ரல் வாக்கில் அமெரிக்காவில் எமர்ஜென்சிக்கு வருபவர்கள் எண்ணிக்கை, முந்தைய வருஷம் இதே காலத்தை விட 42 சதவீதம் குறைந்தது. திடீரென்று அத்தனை பேருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வராமல் நின்றுவிடுமா? வரவேண்டியவர்கள் வரவில்லை.

இரண்டாவது கேள்வியில் மட்டுமே கவனம் வைத்து முதல் கேள்வியை மறந்தால், அதுவும் உயிரை வாங்கும்.

22/
2021 மே, சென்னை. இதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000க்கும் மேல் புதிய தொற்று. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. உள்ளே படுக்கை இல்லாததால் ஆம்புலன்ஸே வார்டாக மாறியது. இங்கே தொற்று யாருக்கு என்ற கேள்வி முடிந்துவிட்டது, வந்தவர்கள் எல்லோருக்குமே தொற்றுதான். மறுபடி லாரேயின் பழைய கேள்வி: யார் முதலில்?

அப்போது திறந்த 'ஜீரோ டிலே வார்டு' அந்தக் கேள்விக்கான பதில். படுக்கை ஒதுக்கும் வரை ஆம்புலன்ஸில் காத்திருக்க விடாமல், வந்த உடனே இறக்கி, ஆக்சிஜன் கொடுத்து, நிலைமையைப் பார்த்து, பிறகு எந்த வார்டு என்று முடிவு செய்வது. டொராண்டோவில் 16 மணி நேரம் தேங்கிய அதே இடைவெளியை அடைக்கிற முயற்சி. என்ன, நாம் அதைச் செய்தது தீ பிடித்த பிறகு. அடுத்த முறைக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும்.

23/
அடுத்த முறை வருமா? வரும். எப்போது, எந்தக் கிருமி என்றுதான் தெரியாது. அதற்கு அரசும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியது நிறைய. உங்கள் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

✅ காய்ச்சல், இருமலோடு எமர்ஜென்சிக்குப் போனால் வாசலிலேயே மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

✅ சமீபத்தில் வெளிநாடு போய் வந்தீர்களா? வீட்டில் யாருக்காவது இதே தொந்தரவா? வேறு மருத்துவமனையில் இருந்தீர்களா? யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வரி பலரைக் காப்பாற்றலாம்.

✅ துணைக்கு ஒருவர் போதும். மற்ற சொந்தக்காரர்கள் போனில் விசாரிக்கட்டும். பாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

✅ உங்களுக்குப் பின்னால் வந்த இருமல்காரரை முதலில் உள்ளே கூட்டிப்போனால் கோபப்படாதீர்கள். பெரும்பாலும் உங்களைப் பாதுகாக்கத்தான் அவரை நகர்த்துகிறார்கள்.

✅ நெஞ்சுவலி, திடீரென்று வாய் கோணுதல், கை கால் இழுத்தல், மூச்சுத்திணறல் என்றால் எந்தத் தொற்றுக்காலமாக இருந்தாலும் வீட்டில் உட்காராதீர்கள். உடனே 108.

24/
வான்கூவரில் அன்று யாரும் பெரிய வீரச்செயல் எதுவும் செய்யவில்லை. ஒரு சுற்றறிக்கையைப் படித்தார்கள். ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கதவைச் சாத்தினார்கள். நடக்காமல் போன மரணங்களுக்குச் செய்தித்தாளில் இடம் கிடையாது, அதனால் அந்தச் செவிலியர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

நம் ஊர் கேஷுவாலிட்டி வாசலிலும் அதே வேலையைத் தினமும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, "எந்த ஊர்ல இருந்து வர்றீங்க? எத்தனை நாளா காய்ச்சல்?" என்று ஒரு சிஸ்டர் கேட்டால், சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.